அருந்திறலும் விளையாட்டு வினாவும்

பாடசாலை இலக்கிய மன்றங்களிலே வாரந்தோறும் நடைபெறும் விவாதங்களுக்குப் பொருள் தேடுதல் ஆசிரியர்க்கு என்றும் ஒரு தொல்லை. கல்வியோ செல்வமோ, நகரமோ கிராமமோ என்னும் தலைப்புகள் இன்றைய மாணாக்கரின் பாட்டன்மார் காலத்திலேயே தேய்ந்து போனவை. அவற்றைக் கரும்பலகையில் எழுதும்போதே பின்வாங்கிலிருப்போர் கொட்டாவி விடத் தொடங்குவர். ஆயின், பறக்கும் ஆற்றல், பிறர் கண்ணிற் படாது மறையும் ஆற்றல் என்னும் இரண்டனுள் ஒன்றே கிடைப்பதாயின் எதனைக் கொள்வீர் என்று ஒரு வினாவை இட்டுவிட்டால், அதுவரை வாய் திறவாதிருந்த பிள்ளையும் எழுந்து நிற்பான். மணி அடித்த பின்னரும் வாதம் முற்றத்திலே தொடரும்.

இத்தகைய வினாக்களைப் பெரியோர் பலர் விரும்புவதில்லை. நடவாததைப் பற்றி வாதிடுதல் காலத்தைப் போக்குதலேயன்றி வேறன்று என்பர். திரைப்படங்களிலிருந்தும் மேல்நாட்டுச் சித்திரக் கதைகளிலிருந்தும் வந்து புகுந்த நோய் என்பாரும் உளர். முதற்கூற்றைப் பின்னர் ஆராயலாம். இரண்டாவது கூற்றோ தமிழிலக்கியத்தை ஒருமுறை புரட்டினார் கூறத்தக்கதன்று. வல்லார் ஒருவர்க்கு ஓர் அருந்திறல் வாய்த்தால் என் ஆகும் என்னும் வினா, நம் மொழியிற் காப்பியத்தையும் புராணத்தையும் தனிப்பாடலையும் தோத்திரத்தையும் ஒப்பாரியையும் தொட்டு நிற்பது. அவ்வினாவைத் தமிழ்ப் புலவர் எவ்வாறு கையாண்டனர், எவ்விடத்தில் வென்றனர், எவ்விடத்தில் விளையாட்டளவில் நின்றனர் என்பதே ஈண்டு ஆராயப்படும்.

மேல்நாட்டில் இவ்வினாவின் பழைய வடிவம் பிளேற்றோவின் 'குடியரசு' என்னும் நூலின் இரண்டாம் பகுதியிலே காணப்படுகிறது. லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு நிலப்பிளவொன்றிலே மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அதன் குமிழை உட்புறமாகத் திருப்பினால் அணிந்தவன் மறைவான். அவன் அதனைக் கொண்டு அரசியைக் கூடி, அரசனைக் கொன்று, நாட்டைக் கவர்கின்றான். இக்கதையைச் சொல்லும் கிளௌக்கன் ஒரு வினாவை எழுப்புகின்றான்: இத்தகைய மோதிரம் இரண்டு இருந்து, ஒன்றை நீதிமானுக்கும் மற்றொன்றை அநீதி செய்வானுக்கும் கொடுத்தால், அவ்விருவர் நடையும் வேறுபடுமா? விளையாட்டு வினா என்று தொடங்கியது அறநூல் ஒன்றன் அடிக்கல்லாகிவிட்டது. மோதிரம் உண்டோ இல்லையோ என்பது அங்கே பொருளன்று. காண்பார் இல்லாதவிடத்தில் மனிதன் யார் என்பதே பொருள். 1897இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'காணா மனிதன்' என்னும் நாவலும் இவ்வினாவின் வழித்தோன்றலே. ஆயின் அதிலே மறைந்தவன் அரசனாகவில்லை. குளிரிலும் பசியிலும் அலைந்து அடிபட்டு மாள்கின்றான்.

தமிழில் இதற்கு நிகராக வைத்தற்குரியது மணிமேகலை. பட்டிமண்டபம் என்ற சொல்லையே சிலப்பதிகாரமும் மணிமேகலையும் அறிந்திருந்தன. மகத நாட்டரசன் கரிகாலனுக்குக் கொடுத்தது பட்டிமண்டபம் என்கிறது முன்னையது. சமய வாதிகள் ஏறி வாதிடும் இடமாக அதனைக் காட்டுகிறது பின்னையது. இன்றைய பட்டிமண்டபம் கைதட்டலை எண்ணித் தீர்ப்பு வழங்கும் நிலைக்கு வந்துவிட்டமை வேறு கதை.

மணிபல்லவத்திலே மணிமேகலா தெய்வம் அப்பெண்ணுக்கு மூன்று மந்திரங்களை அளிக்கிறது: வேற்றுருக் கொள்ளல், வான்வழிச் செல்லல், பசியை நீக்குதல். இன்றைய மாணாக்கர் மன்றத்தில் இடப்படும் வினாக்கள் பெரும்பாலும் இம்மூன்றையும் சுற்றியே வருவன என்பது வியப்பன்று. வியத்தற்குரியது சாத்தனார் அவற்றைக் கையாண்ட முறையே. முதலாவதாக, ஆற்றல் காரணமின்றி அளிக்கப்படவில்லை. இளம்பெண் என்று இகழ்ந்து சமயவாதிகள் தம் கொள்கையை உரையார், ஆதலின் வேற்றுரு வேண்டும் என்று தெய்வமே காரணம் கூறுகிறது. அறிவு பெறுதற்குப் பெண்ணுரு தடையாயிருந்த உலகம் ஒன்றினை அச்சிறு கூற்றுக் காட்டிவிடுகிறது. வஞ்சி நகரிலே அவள் ஆண் துறவி வடிவங் கொண்டு பல சமயத்தார் கொள்கைகளையும் கேட்கும்போது அக்காரணம் நிறைவேறுகிறது.

இரண்டாவதாக, அவ்வாற்றல் விலையின்றிப் பயன்படவில்லை. உதயகுமாரனிடமிருந்து தன்னைக் காத்தற்பொருட்டு மணிமேகலை காயசண்டிகையின் வடிவைக் கொள்கின்றாள். அவ்வடிவிலேயே சிறைக்கோட்டஞ் சென்று பசித்தார்க்கு உணவளித்து, அரசனிடங் கேட்டு அச்சிறையையே அறக்கோட்டமாக்குகின்றாள். இதுவரை அருந்திறல் அறத்துக்கே துணை நிற்கிறது. ஆயின், பன்னீராண்டு தன் மனைவியைப் பிரிந்து தேடிவந்த காஞ்சனன், அரசகுமாரனோடு உரையாடும் அவ்வுருவைத் தன் மனைவியென்றே மயங்குகின்றான். வாள் வீழ்கிறது, உதயகுமாரன் மாய்கின்றான். கொன்றவன் காஞ்சனன், கொல்லப்பட்டவனும் குற்றமற்றவனல்லன். எனினும் இடையிலே நின்றது மணிமேகலை கொண்ட பொய்யுருவமே. அவளது கலக்கத்தைச் சாத்தனார் மறைக்கவில்லை. கந்திற்பாவை பழம்பிறப்பு வினையைச் சொல்லி அவளைத் தேற்றுகிறது என்பது உண்மையே. அத்தேற்றம் சமயநெறிக்கு வேண்டியது. காப்பியச் சுவைக்கு வேண்டியதோ அத்தேற்றத்துக்கு முந்திய அந்தக் கணமே. வேறொருத்தியின் வடிவைக் கொள்பவள் அவளுடைய உறவையும் பகையையும் சேர்த்தே கொள்ள நேரும் என்னும் நுட்பத்தை, அருந்திறற் கதைகளை நாள்தோறும் பெருக்கும் இக்காலத்து ஆசிரியரிற் பலர் இன்னும் எட்டவில்லை.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இவ்வினாவை வேறொரு பக்கத்திலிருந்து தொடுகிறது. எல்லாம் வல்ல சித்தராக மதுரையில் எழுந்தருளிய இறைவனை அபிடேக பாண்டியன் சோதிக்கின்றான்: வல்லவராயின் இக்கல்யானை இக்கரும்பைத் தின்னச் செய்க. யானை தின்றது, தின்றதோடு நில்லாது அரசன் கழுத்தின் முத்துமாலையையும் பறித்தது. புராணத்தில் இது இறைவன் திருவிளையாட்டு. ஆயினும் அரசன் கேட்ட வினாவின் இயல்பை ஆராய்ந்தால், அவன் வல்லமையின் பயனைக் கேட்கவில்லை, காட்சியையே கேட்டான் என்பது புலனாகும். வறண்ட குளத்தை நிரப்பும்படியோ பிணியாளனை எழுப்பும்படியோ அவன் கேட்டிருக்கலாம். யானை மாலையைப் பறித்தது வெறும் நகைச்சுவைக்காக அன்று. காட்சி கேட்டவனையே காட்சிப் பொருளாக்கிய விடை அது. இப்படலத்தை விரிவுரை செய்வோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுதல் இரங்கத்தக்கது.

காட்சி கேட்கும் கூட்டத்தின் கொடுமையை இன்னும் கூர்மையாகச் சொல்வது காளமேகப் புலவரைப் பற்றிய வழக்கு. திருமலைராயன் பட்டினத்திலே அதிமதுரகவியும் அவர் கூட்டத்தாரும் அவரை எமகண்டம் பாடச் செய்தனர் என்ப. கீழே நெருப்பு, மேலே உறி, உடலிற் கட்டிய கத்திகள். அந்நிலையில் இருந்துகொண்டு அவரவர் இடும் குறிப்புகளுக்கெல்லாம் கணமுந் தாழாது வெண்பா விடை கூறல் வேண்டும். இன்ன சொல்லில் தொடங்கி இன்ன சொல்லில் முடிக்க என்பார். தெய்வத்தைப் பாடுக, ஆயின் இழிபொருட் சொல்லால் தொடங்குக என்பார். வினாக்கள் எல்லாம் விளையாட்டே. விடை தவறின் நிகழ்வது விளையாட்டன்று. இவ்வரலாறு எத்துணை உண்மை என்பது வேறு. புலமை உடையானைத் தமிழ்ச் சபை எவ்வாறு நடத்தும் என்பது பற்றித் தமிழ் மக்கள் கொண்டிருந்த கருத்து இக்கதையில் உறைந்திருக்கிறது.

அவதானக் கலை இதனின்றும் வேறானது. இதனை வன்மையாகச் சொல்லுதல் வேண்டும். அட்டாவதானியும் சதாவதானியும் மந்திரத்தாற் பெற்றது எதுவுமில்லை. ஒருவர் மணியடிப்பார், ஒருவர் முதுகிற் கல்லெறிவார், ஒருவர் கணக்கு வினாவுவார், ஒருவர் ஈற்றடி கொடுப்பார். அனைத்தையும் ஒருங்கே உளங்கொண்டு ஒவ்வொன்றுக்கும் விடை கூறல் பயிற்சியால் வருவது. வடமராட்சிப் புலோலியிலே பிறந்து சென்னையிலே புகழ்பெற்ற நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி எனப்பட்டார். தமிழ்ப் பேரகராதி தந்தவரும் திரு. வி. கலியாணசுந்தர முதலியாருக்குத் தமிழ் கற்பித்தவரும் அவரே. அவர் மறைந்த 1907ஆம் ஆண்டிலேயே, மார்ச்சு 10ஆம் நாள், சென்னை விக்டோரியா மண்டபத்திலே கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். இசுலாமியரான அவரிடம், துருக்கனுக்கு இராமன் துணை என்னும் பொருள்பட ஓர் ஈற்றடியைக் கொடுத்தனர் என்றும், அவர் சத்துருக்கன் என்ற பெயரின் முதலெழுத்தை முந்திய அடியிற் கொண்டு அவ்வெண்பாவை முடித்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. கேட்டவர் மதத்தின்பேரில் ஒரு பொறியை வைத்தார். பாவலர் இராமகாதையை அறிந்திருந்தமையால் பொறி திறந்துவிட்டது. மந்திரமோதிரம் செய்யக்கூடாத ஒன்றைக் கல்வி செய்தது. மாணாக்கர்க்கு அருந்திறல் பற்றிய வினா இடும் ஆசிரியர் இவ்விருவர் வரலாற்றையும் சேர்த்தே சொல்லுதல் நன்று.

இனித் தாயுமானவர். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் 'தேசோமயானந்தம்' என்னும் பகுதியிலே ஒரு பாட்டில் அருந்திறல்களை அடுக்கிச் செல்கின்றார். மதயானையை வசப்படுத்தி நடத்தல், கரடி புலிகளின் வாயைக் கட்டல், சிங்கத்தின் முதுகில் ஏறல், பாம்பை எடுத்து ஆட்டல், இரசவாதம் செய்து பொருளீட்டல், பிறர் காணாது உலகில் உலாவல், தேவரை ஏவல் கொள்ளல், என்றும் இளமையோடிருத்தல், கூடுவிட்டுக் கூடு பாய்தல், நீர்மேல் நடத்தல், நெருப்பின்மேல் இருத்தல் யாவும் கூடும். சிந்தையை அடக்கி அமைதியாயிருத்தல் ஒன்றே அரிது என்பது பாட்டின் கருத்து. மேடைகளிலே இப்பாட்டைச் சொல்வோர் கடைசிப் பகுதிக்கே விரைகின்றனர். அதனால் முன்வரும் பட்டியல் வெறும் படிக்கட்டாகிவிடுகிறது. பட்டியலையே நின்று நோக்குதல் வேண்டும். அது மனிதர் உண்மையிலேயே செய்யும் தொழில்களில் தொடங்குகிறது. யானைப்பாகனும் பாம்பாட்டியும் கற்பனைப் பாத்திரங்களல்லர். அங்கிருந்து இரசவாதம் என்னும் ஐயத்துக்கிடமான நிலத்துக்கு வந்து, பின்னரே வானவரை ஏவும் கற்பனைக்கு ஏறுகிறது. ஒவ்வொன்றையும் 'கூடும்' என்று எளிதாக ஒப்புக்கொண்டு போகும் ஓசையே விளையாட்டு வினாவின் ஓசை. கேட்பவன் தானும் அவ்விளையாட்டிற் கலந்து மகிழ்ந்துகொண்டிருக்கையிலே அது அவன் நெஞ்சின்மேல் திரும்புகிறது. நடவாததைப் பற்றிப் பேசுதல் வீண் என்பார்க்கு இப்பாட்டே விடை; நடவாதனவற்றை வரிசையாகச் சொல்லியன்றி நடக்கவேண்டிய ஒன்றன் அருமையை அவரால் அளந்து காட்டியிருக்க இயலாது.

எனினும் வன்னியான் ஒருவன் இவ்விடத்திலே புலவரோடு சற்றுப் பிணங்கக்கூடும். மதயானையை வசப்படுத்தலை எளியவற்றுள் முதலாவதாக வைத்தது அவனுக்கு உடன்பாடாகாது. கோயில் யானையையும் அரண்மனை யானையையும் கண்டவர்க்கு அது எளிதாகலாம். வயலுக்குள் இறங்கும் கொம்பனைக் கண்டவர்க்கு அன்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே வன்னியர் திறையாகச் செலுத்தவேண்டியிருந்தது யானைகளையே. அவற்றைப் பிடித்த பணிக்கர், மான் அல்லது எருமைத் தோலாலான வார்க்கயிறு ஒன்றையன்றி வேறு படைக்கலமின்றிக் காட்டுக்குட் சென்று, யானையின் பின்காலிற் சுருக்கிட்டு மரத்தோடு பிணிக்கும் வித்தையை எமேசன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் வியந்து எழுதியிருக்கின்றார். தாயுமானவர் பாட்டின் முதல் அருந்திறல் வன்னியிலே கூலிக்குச் செய்யப்பட்ட தொழில்.

அத்தொழில் தந்த இலக்கியமே அரியாத்தையின் ஒப்பாரி. முல்லைத்தீவின் குமுழமுனைப் பகுதியோடு தொடர்புறுத்திச் சொல்லப்படும் இக்கதை, வன்னி நாட்டார் பாடல்களுள் வேலப்பணிக்கன் தன் மனைவியை நினைந்து அரற்றும் ஒப்பாரியாக வழங்கி வருகிறது. அருணா செல்லத்துரை 'வேழம் படுத்த வீராங்கனை' என்ற பெயரிலே இதனைக் கூத்தாக ஆக்கியளித்தார். கதை பலவாறு சொல்லப்படினும் அதன் எலும்பு ஒன்றே. ஆடவர் அடக்கமாட்டாத கொம்பன் யானையை ஒரு பெண் அடக்குகின்றாள். அவளை யானை கொல்லவில்லை. பொறாமை கொண்டோர் கொடுத்த நஞ்சு கலந்த வெற்றிலை கொல்கிறது.

இங்கே ஆராயத்தக்கது பாடல் கொண்ட வடிவம். ஒரு பெண் யானையை வென்ற செய்தி வேறொரு நாட்டிலே பரணியாகவோ உலாவாகவோ எழுந்திருக்கும். வன்னி மக்கள் அதனை ஒப்பாரியாகவே காத்தனர். அதுவும் கணவன் வாயிலாக. ஒப்பாரி பெண்களுக்கே உரியது என்று எண்ணப்படும் சமூகத்திலே, இறந்த மனைவியை நினைந்து ஆடவன் புலம்புவதாகப் பாடல் அமைந்திருத்தல் அருமை. வெற்றி அதிலே உண்டு. ஆயின் வெற்றி இழப்பின் உள்ளே வைத்துச் சொல்லப்படுகிறது. அவள் எவ்வாறு யானையை அடக்கினாள் என்பதைவிட, அடக்கி மீண்டவளுக்கு ஊர் என்ன கொடுத்தது என்பதே பாடலை நடத்துகிறது. வெற்றிலை கொடுத்தல் மரியாதையின் அடையாளம் என்பதை நினைக்க, கதையின் கொடுமை இன்னும் துலங்கும். அருந்திறல் ஒன்று கிடைத்தால் என்ன செய்வீர் என்பது மட்டுமே மன்றங்களிற் கேட்கப்படும் வினா. அத்திறலுடையார் பக்கத்து வீட்டில் இருந்தால் என்ன செய்வீர் என்னும் வினாவை அரியாத்தையின் கதை கேட்கிறது. மாணாக்கர் விவாதத்துக்கு இதனினும் கூரிய தலைப்புக் கிடைத்தல் அரிது. வகுப்பில் முதலாம் பிள்ளையாக வருபவனை மற்றையோர் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதில் அவர்க்கே விடை இருக்கிறது.

அதே முல்லைத்தீவு மாவட்டத்திலே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. வைகாசிப் பொங்கலை முன்னிட்டுக் கடல்நீரை எடுத்து வந்து அந்நீரிலே விளக்கெரிக்கும் வழக்கத்தை அடியார் அம்மையின் அற்புதமாகவே போற்றுவர். கண்ணகியின் ஆற்றல் பற்றிச் சிலப்பதிகாரம் சொல்லும் ஓர் இடம் இவ்வாராய்ச்சிக்கு மிக வேண்டியது. நகரை எரிக்கும் தீக்கு அவள் விலக்குக் கூறுகின்றாள்: அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவியர் ஆகியோரைத் தொடாதே என்கின்றாள். கணவனை இழந்த சினத்தின் உச்சியில் நின்று, கையிலுள்ள ஆற்றலுக்கு எல்லை வகுத்தாள். அவ்வெல்லையே அவளைத் தெய்வமாக்கியது என்று கூறினும் மிகையாகாது. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியிலே, அக்கோயிலிலிருந்து நெடுந்தொலைவு இல்லாத கடற்கரையிலே மக்கள் மேல் பொழிந்த தீக்கு அத்தகைய விலக்கு இருக்கவில்லை. மூத்தோரும் குழவியரும் மருத்துவமனைப் படுக்கையிற் கிடந்தோரும் அதில் மாண்டனர். மதுரைக் காண்டத்தின் அவ்வடிகளை வன்னியின் வகுப்பறையிலே கற்பிக்கும்போது, பிற இடங்களில் இல்லாத அமைதி ஒன்று நிலவுதல் இயல்பே.

இதனாலேயே, மறையும் ஆற்றலும் பறக்கும் ஆற்றலும் பற்றிய வினா இந்நிலத்திலே வேறு பொருள் பெறுகிறது. கொழும்பிலோ சென்னையிலோ ஒரு மாணாக்கன் மறையும் ஆற்றலைக் கேட்டால் அது பரீட்சை மண்டபத்தை நினைத்த குறும்பாயிருக்கும். கிளிநொச்சியிலோ, காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் கந்தசுவாமி கோயில் முன்றலிலே போராட்டத்தைத் தொடங்கினர். தாய்மார் பிள்ளைகளின் படங்களை மடியிலே வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக வீற்றிருந்தனர். அவர்களுட் பலர் விடை காணாமலே இறந்தும் போயினர். அவ்வழியே பாடசாலைக்குச் சென்று வளர்ந்த பிள்ளைக்கு மறைதல் என்பது வரமாகத் தோன்றுவதில்லை. அவனிடம் ஓர் அருந்திறலைக் கேட்கச் சொன்னால், மறைந்தாரைக் காணும் ஆற்றலை அவன் கேட்கக்கூடும். அதனைக் கேளாமல், பறப்பேன் என்று சொல்லிச் சிரித்துவிட்டு அமரவுங்கூடும்.

அத்தகைய பிள்ளைகள் இருக்கும் மன்றத்தில் இவ்வினாவை இடலாமோ என்பதில் ஆசிரியரிடையே கருத்து வேற்றுமை இருத்தல் இயல்பு. ஆறாத புண்ணைத் தொடலாகாது என்பது ஒரு சாரார் கொள்கை. அவர் கருணையை இகழ்தற்கில்லை. ஆயின் தொடாதிருந்தாலும் புண் அங்கேயே இருக்கிறது. மணிமேகலையின் பொய்யுருவத்தையும் அரியாத்தையின் வெற்றிலையையும் கண்ணகியின் விலக்கையும் முன்னரே அறிந்த பிள்ளைக்கு, அவ்வினாவுக்கு விடை சொல்லச் சொற்கள் இருக்கும். அவற்றை அறியாத பிள்ளைக்குக் கைவசம் இருப்பது திரைப்படம் தந்த விடை ஒன்றே. மேடையில் எழுந்து மறைந்தாரைக் காண்பேன் என்று ஒருவன் சொல்லிவிட்டால், நேரக்காப்பாளர் அப்போது மணியை அடியாதிருக்க வேண்டும்.